எழுத்தும் உழைப்பும்: திரைக்கதையாசிரியர் வேலைநிறுத்தம் குறித்து ஒரு நோக்கு

2007ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் செஞ்சுரி சிற்றிப் பகுதியிலே, பொக்ஸ் பிளாசா என்னும் உயர்ந்த கட்டடத்தின் முன்னே சுமார் 4,000 பேர் திரண்டு நின்றனர். திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் எழுதுவோரின் தொழிற்சங்கமாகிய அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அதற்கு நான்கு நாட்களின் முன்னர், நவம்பர் 5ஆந் திகதி, வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ 12,000 எழுத்தாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தனர். அவர்களுக்கு ஆதரவாகக் கூடிய அக்கூட்டத்திலே மூத்த தொலைக்காட்சி எழுத்தாளராகிய நோர்மன் லியர் பேசினார். குடியியல் உரிமைப் போராட்டத் தலைவராகிய ஜெஸி ஜக்சன் பேசினார். கிற்றார்க் கலைஞர் ரொம் மொரெல்லோ பாடினார். நடிகரும் வந்திருந்தனர்.

அக்கூட்டத்தின் பதிவுகளைப் பார்க்கும் ஒருவர், பின்னணியில் நிற்கும் கட்டடத்தை எங்கோ கண்டது போல உணர்தல் கூடும். 1988ஆம் ஆண்டு வெளிவந்த 'டை ஹாட்' என்னும் படத்திலே நகடோமி நிறுவனத்தின் மாளிகையாகத் தோன்றுவது இக்கட்டடமே. அப்படத்தின் கதாநாயகனை உலகறியும். அதன் திரைக்கதையை எழுதிய ஜெப் ஸ்ருவாட், ஸ்ரீவன் டி சூசா ஆகிய இருவரையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்படம் திரைக்கு வந்த 1988 யூலையிலே, இதே சங்கம் ஐந்து மாதங்கள் நீடித்த மற்றொரு வேலைநிறுத்தத்தின் நடுவில் நின்றது. படம் ஓடியது, அதனைப் போன்ற படங்களை எழுதுவோர் வீதியில் நின்றனர்.

எங்கோ தொலைவில், நம்மைவிடப் பன்மடங்கு வசதியோடு வாழும் ஒரு கூட்டத்தாரின் ஊதியத் தகராறு பற்றி இலங்கையின் கலைப்பீட மாணவர் எழுதுவானேன் என்று நண்பரொருவர் கேட்டார். கலை விமர்சனம் வேறு, தொழிற்சங்க விவகாரம் வேறு என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆயின், 'இப்படைப்பை ஆக்கியவர் யார்?' என்ற விமர்சகனின் கேள்வியும், 'இப்படைப்பின் பயன் யாரைச் சேர வேண்டும்?' என்ற தொழிலாளியின் கேள்வியும் ஒன்றையொன்று விட்டு நிற்க இயலாதவை என்பது என் கருத்து. முதலாவது கேள்விக்கு நாம் கவலையீனமாக விடையளிக்கும்போது இரண்டாவது கேள்விக்கும் நம்மை அறியாமலே விடையளித்து விடுகின்றோம். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் போராட்டத்தின் பொருளை நோக்குவோம். ஒரு திரைக்கதைக்கு முதலிற் கிடைக்கும் ஊதியம் ஒன்று. அப்படைப்பு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும்பொழுது கிடைக்கும் தொடர்கொடுப்பனவு மற்றொன்று. இரண்டாவது எளிதில் வந்ததன்று. 1960ஆம் ஆண்டிலே எழுத்தாளர் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தே ஓய்வூதியத்தையும் மருத்துவ நல நிதியையும், படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது ஒரு பங்கையும் பெற்றனர். இரு வேலைகளுக்கிடையே பல மாதங்கள் வருமானமின்றி இருக்க நேரும் ஒரு தொழிலில், பழைய எழுத்துக்கு வரும் இச்சிறு தொகையே பலருக்குச் சோறு போடுவது.

1980களில் ஒளிநாடாக்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. அச்சந்தை எவ்வாறு வளருமெனத் தெரியாத நிலையிலே ஒரு கணக்கு வகுக்கப்பட்டது. ஒளிநாடா விற்பனை வருமானத்தில் ஐந்திலொரு பங்கு மட்டுமே எழுத்தாளரின் கணக்கிற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. விளைவாக, முதற் பத்து இலட்சம் டொலர் வரை 0.3 வீதமும் அதன்மேல் 0.36 வீதமுமே எழுத்தாளரைச் சேர்ந்தன. பின்னர் டீ.வீ.டீ. வந்தது. நிறுவனங்கள் பெரும்பணம் ஈட்டின. கணக்கு மாறவில்லை. ஒரு டீ.வீ.டீ. விற்கும்போது எழுத்தாளருக்குக் கிடைத்தது சுமார் 4 சதம். அதனை இருமடங்காக்க வேண்டும் என்பது 2007இன் கோரிக்கைகளில் ஒன்று. இணையத்தின் வழி ஒளிபரப்பாகும் படைப்புகளுக்கும் பங்கு வேண்டும் என்பது மற்றொன்று. இணைய வருமானம் எப்படி அமையும் என்பது இன்னும் தெளிவாகவில்லை, ஆராய்ந்த பின்னரே எதையும் சொல்லலாம் என்று நிறுவனங்கள் கூறின. ஒளிநாடாக் காலத்தில் ஒருமுறை பொறுத்துப் பார்த்தவர்கள் இம்முறை பொறுக்க மறுத்தனர். 'நெற்பிளிக்ஸ்' நிறுவனம் படங்களை இணையத்தின் வழி காட்டத் தொடங்கியதும் அதே 2007ஆம் ஆண்டிலேதான் என்பதை இன்று எண்ணிப் பார்க்கும்போது, வீதியில் நின்றவர்களின் தொலைநோக்கு விளங்கும்.

இவ்விடத்து ஓர் அடிப்படைக் கேள்வி எழுகின்றது. நாவலாசிரியன் தன் நூலின் உரிமையாளனாக இருக்கும்போது, திரைக்கதையாசிரியன் மட்டும் ஏன் சதக்கணக்கில் மன்றாட வேண்டும்? விடை சட்டத்தில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கூலிக்கு ஆக்கப்பட்ட படைப்பிற்கு அதனை ஆக்குவித்த நிறுவனமே 'ஆசிரியர்' எனக் கருதப்படும். உரிமையாளர் என்பது மட்டுமன்று, ஆசிரியரே அந்நிறுவனம்தான். எழுதியவர் சட்டத்தின் கண்ணில் ஒரு வேலையாளர்.

நாடகாசிரியரின் நிலை இதற்கு நேர்மாறானது. நியூயோர்க் நகரின் நாடக மேடைக்கு எழுதுபவர் தம் பிரதியின் உரிமையைத் தாமே வைத்திருக்கின்றார். அவர் சம்மதமின்றி ஒரு சொல்லையும் மாற்றுதல் கூடாது. ஆனால், அவர் சுயாதீனமான உரிமையாளர் என்பதாலேயே ஏனைய நாடகாசிரியருடன் சேர்ந்து கூட்டுப்பேரம் பேசவோ வேலைநிறுத்தம் செய்யவோ சட்டம் இடந்தராது. திரைக்கதையாசிரியர் ஆசிரியர் என்ற தகுதியை இழந்தார்; தொழிலாளர் என்ற தகுதியைப் பெற்றார். முன்னவருக்கு உரிமை உண்டு, சங்கப் பலமில்லை. பின்னவருக்குச் சங்கப் பலமுண்டு, உரிமையில்லை. செஞ்சுரி சிற்றியில் 4,000 பேர் கூடியமை இம்முரண்பாட்டின் கண்கூடான வடிவம் எனலாம். தமது பெயரை விற்றவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே மொழி, சேர்ந்து வேலையை நிறுத்துவது.

சட்டம் இப்படியிருக்க, விமர்சனம் என்ன செய்தது? 1954ஆம் ஆண்டிலே பிரான்சின் 'கஹியே து சினெமா' இதழில் பிரான்சுவா ட்ரூஃபோ எழுதிய கட்டுரை திரைப்பட விமர்சன வரலாற்றிலே ஒரு திருப்பமாகக் கொள்ளப்படுகின்றது. நெறியாளரே படத்தின் மெய்யான ஆசிரியர் என்ற கொள்கைக்கு அது வித்திட்டது. அக்கட்டுரையின் தாக்குதலுக்கு இலக்கானவர்கள் யாவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஜோன் ஒரோன்ஷ், பியர் பொஸ்ற் ஆகிய இரு திரைக்கதையாசிரியரே அவர்கள். இலக்கியத்தைத் திரைக்கு மாற்றும் அவர்கள் முறைமையை ட்ரூஃபோ சாடினார். அக்காலப் பிரெஞ்சுப் படங்களின் தேக்கத்தை நோக்க, அவர் சீற்றத்தில் நியாயமுண்டு. 1962இல் அன்ட்ரூ சரிஸ் இக்கருத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று ஒரு கோட்பாடாக ஆக்கினார். காலப்போக்கிலே 'இன்னாருடைய படம்' என்று நெறியாளரின் பெயரைச் சொல்வதே விமர்சன மரபாயிற்று.

இக்கோட்பாடு தந்த நன்மையை மறுத்தல் தகாது. ஆலையில் உற்பத்தியாகும் பண்டமெனக் கருதப்பட்ட அமெரிக்கப் படங்களிலே கலைஞனின் கைவண்ணத்தைத் தேட அது கற்பித்தது. ஆயினும் பிறிதொரு விளைவும் நேர்ந்தது. சட்டம் எழுத்தாளரிடமிருந்து எடுத்து நிறுவனத்துக்குக் கொடுத்ததை, விமர்சனம் எழுத்தாளரிடமிருந்து எடுத்து நெறியாளருக்குக் கொடுத்தது. எடுக்கப்பட்ட இடம் இரண்டிலும் ஒன்றே.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வழியில், களனி கங்கைக் கரையிலே கித்துல்கல என்னும் ஊர் உள்ளது. 'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' என்னும் படத்துக்காக அங்கேதான் பாலம் கட்டப்பட்டு, 1957ஆம் ஆண்டிலே கமெராக்களின் முன் தகர்க்கப்பட்டது. பாலத்தின் அடித்தளங்களை உல்லாசப் பயணிகள் இன்றும் சென்று பார்க்கின்றனர். டேவிட் லீன் நெறிப்படுத்திய அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று திரைக்கதைக்கு உரியது. திரையில் தோன்றிய பெயரும் விருதுக்குரிய பெயரும் பியர் பூல் என்பவருடையவை. மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரராகிய அவருக்கு ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றல் இருக்கவில்லை. ஆங்கிலத் திரைக்கதையை மெய்யாக எழுதியவர்கள் கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும் ஆவர். இருவரும் இடதுசாரிகள் என்ற குற்றச்சாட்டினாலே தொழிலிலிருந்து விலக்கப்பட்டவர்கள். அவர்களுக்குரிய விருது 1984ஆம் ஆண்டிலேதான் அறிவிக்கப்பட்டது. வில்சன் 1978இலேயே இறந்துவிட்டார். போர்மனும் அவ்வாண்டு காலமானார்.

அக்காலத்துக் கறுப்புப் பட்டியலின் வரலாறு பரந்தது. 1933ஆம் ஆண்டு திரையெழுத்தாளர் சங்கம் புத்துருப் பெற்றபோது அதன் முதற் தலைவராக இருந்த ஜோன் ஹவாட் லோசன், 1947இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு முன்னிலையில் விடையளிக்க மறுத்துச் சிறை சென்ற பதின்மருள் ஒருவர். டோல்ரன் ட்ரம்போ இன்னொருவர். ட்ரம்போ மறைவில் எழுதிய 'த பிறேவ் வன்' படத்துக்கு 1957இல் வழங்கப்பட்ட ஒஸ்கார் விருது 'றொபேட் றிச்' என்ற புனைபெயருக்கு அறிவிக்கப்பட்டது. விருது ட்ரம்போவின் கைக்கு வந்தது 1975இல். 'றோமன் ஹொலிடே' படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைச் சங்கம் மீளச் சேர்த்தது 2011இல். அப்போது அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கு ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். எவருடைய பெயர் திரையில் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை எழுத்தாளர் தம் முதல் ஒப்பந்தங்களிலே போராடிப் பெற்றனர். நிறுவனம் தன் விருப்பப்படி பெயரிடுவதைத் தடுக்கவே அவ்வதிகாரம் வேண்டப்பட்டது. ஆயின், 1950களின் முற்பகுதியிலே அதே சங்கம், காங்கிரசின் முன் தம்மைத் 'தூய்மைப்படுத்தாத' எழுத்தாளரின் பெயர்களை நீக்க நிறுவனங்களுக்கு இடமளித்தது. உறுப்பினரின் பெயரைக் காக்க எழுந்த சங்கம் உறுப்பினரின் பெயரைக் கைவிட்டது. தொழிற்சங்கத்தைப் போற்றும்போது இந்த ஏட்டையும் புரட்டிப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும்.

அப்படியாயின், நெறியாளரை இறக்கி எழுத்தாளரை ஏற்றுவதுதான் தீர்வா? 1971இல் போலின் கேல் இதனை முயன்றார். 'சிற்றிசன் கேன்' படத்தின் பெருமை ஓர்சன் வெல்ஸுக்கன்று, திரைக்கதையாசிரியர் ஹேர்மன் மன்கிவிச்சுக்கே உரியது என நீண்டதொரு கட்டுரையில் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர் திரைக்கதையின் பல்வேறு படிகளை ஒப்பிட்டு, வெல்ஸின் பங்கும் கணிசமானது என்று காட்டினர். கேலின் தவறு மன்கிவிச்சை நினைவூட்டியதிலன்று. ஒரு தனிமேதையின் இடத்தில் மற்றொரு தனிமேதையை அமர்த்தியதே அவர் தவறு. ஆசனம் ஒன்றே என்ற எண்ணத்தை அவரும் விடவில்லை.

கூட்டம் நமக்குக் கற்பிப்பது இவ்விடத்தேயாகும். வீதியில் நின்ற எழுத்தாளர், 'நாங்களே மேதைகள்' என்று முழங்கவில்லை. அவர்கள் கேட்டது பங்கு. பங்கு என்ற சொல்லிலேயே பிறரும் உளர் என்ற ஒப்புதல் அடங்கியிருக்கின்றது. வேலை நின்ற முதல் நாளிலேயே இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் பழைய பதிவுகளைக் காட்டத் தொடங்கின. நாள்தோறும் தன்னியல்பாகப் பேசுவது போலத் தோன்றிய அறிவிப்பாளரின் வாயில் ஒவ்வொரு நகைச்சுவையையும் வைத்தவர்கள் யாரென்று பார்வையாளர் அன்று உணர்ந்தனர். எழுத்து இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்ற பின்னரே தெரிகின்றது. விமர்சனம் நீண்டகாலமாகச் சொல்லத் தவறியதை வேலைநிறுத்தம் ஓர் இரவிற் சொல்லிவிட்டது.

எனினும், பங்கு கேட்டவர்கள் எல்லோருக்கும் பங்கு கேட்டார்களா? 2006ஆம் ஆண்டிலே 'அமெரிக்காஸ் நெக்ஸ்ற் ரொப் மொடல்' என்னும் நிகழ்ச்சியிலே கதையமைப்புச் செய்தோர், தம்மையும் எழுத்தாளராக ஏற்றுச் சங்க ஒப்பந்தத்தினுள் சேர்க்குமாறு கோரி வேலைநிறுத்தம் செய்து வேலையை இழந்தனர். உண்மை நிகழ்வைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு எழுத்தாளர் இருப்பதை ஒப்புக்கொள்ள முதலாளி எவ்வாறு இசைவார்? 2007இன் கோரிக்கைகளுள் இத்தகையோரையும் உயிரூட்டுப் படங்களுக்கு எழுதுவோரையும் சங்கத்தினுள் கொணர்தலும் ஒன்றாயிருந்தது. 2008 ஜனவரியில், உடன்பாட்டை எட்டும் பொருட்டு அது கைவிடப்பட்டது. டீ.வீ.டீ. கோரிக்கையும் முன்னரே கைவிடப்பட்டிருந்தது. 2008 பெப்ரவரி 12ஆந் திகதி, 100 நாட்களின் பின், வேலைநிறுத்தம் முடிந்தது. இணைய ஒளிபரப்பில் பங்கு கிடைத்தது. கதவு திறந்தபோது எல்லோரும் உள்ளே செல்லவில்லை. அந்த நூறு நாட்களிலும் வாக்களிக்கும் உரிமையின்றியே வருமானத்தை இழந்த தச்சர், சாரதிகள், ஒப்பனையாளர், உணவு வழங்குவோர் ஆகியோரையும் நாம் மறத்தலாகாது. மலையகத்தின் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளைச் செய்தித்தாள்களிற் படித்து வளர்ந்த நமக்கு, உடன்பாடு எட்டப்படும் நாளிலும் கணக்கிலே சேராதவர் சிலர் எஞ்சுவர் என்பது புதுமையன்று.

பதினைந்தாண்டுகளின் பின், 2023 மே 2ஆந் திகதி, மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கி 148 நாட்கள் நீடித்தது. இம்முறை நடிகரும் யூலையில் தம் சொந்த வேலைநிறுத்தத்துடன் இணைந்தனர். யூன் 21ஆந் திகதி, லொஸ் ஏஞ்சலிஸின் பான் பசிபிக் பூங்காவிலிருந்து ஆதரவுப் பேரணி புறப்பட்டது. இணையத் தொடர்களுக்கான கொடுப்பனவும், ஒரு தொடருக்கு அமர்த்த வேண்டிய எழுத்தாளரின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் முக்கிய பிரச்சினைகளாயின. அவற்றோடு முன்னெப்போதும் எழாத ஒரு கேள்வியும் எழுந்தது: இயந்திரம் எழுதினால்? செப்ரெம்பரில் எட்டப்பட்ட ஒப்பந்தம், செயற்கை நுண்ணறிவு ஆக்கிய எதனையும் 'இலக்கியப் பிரதி' எனக் கொள்ளல் ஆகாது என்றும், அதனைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்றும் விதித்தது. கவனித்தல் வேண்டும்: ஆசிரியர் யார், இலக்கியம் எது என்ற கேள்விகளுக்கு வரைவிலக்கணம் எழுதியவர்கள் பல்கலைக்கழகத் திறனாய்வாளர் அல்லர், கூலி பேசும் மேசையில் அமர்ந்திருந்த தொழிற்சங்கத்தினர். நாம் விரிவுரை மண்டபத்தில் ஆறுதலாக ஆராயும் பொருளை அவர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றி நின்று தீர்க்க நேர்ந்தது.

கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தை அதன் சமூக அடித்தளத்தோடு சேர்த்து நோக்கும் பயிற்சியை நமக்குத் தந்து சென்றனர். கவிதையை ஆராயும்போது அதனைப் பாடியவன் எவ்வகுப்பினன், யாருக்காகப் பாடினான், யார் பேணினர் என்று கேட்கின்றோம். திரைப்படத்தை எழுத வரும்போது அப்பயிற்சியை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, நெறியாளரின் பெயரோடும் நடிகரின் பெயரோடும் உள்ளே போகின்றோம். இதில் நான் பிறரைக் குறைகூறும் தகுதியுடையேன் அல்லேன்.

முதலாம் ஆண்டில், மாணவர் திரைப்படக் காட்சியொன்றின் பின்னர், 'குவாய்' படத்தைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினேன். கட்டுப்பாட்டின் பெயராலே பகைவனுக்குப் பாலம் கட்டிக் கொடுக்கும் கேணலின் குழம்பிய கடமையுணர்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளரைப் புகழ்ந்தேன், கேணலாக நடித்தவரைப் புகழ்ந்தேன், பாலம் நம் நாட்டிலே கட்டப்பட்டது என்பதைப் பெருமையோடு குறிப்பிட்டேன். அந்தக் கேணலின் சொற்களை எழுதியவர்கள் யார் என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. தம் பெயரில் எழுதத் தடை செய்யப்பட்ட இருவர், பெயரில்லாமலே எழுதிய சொற்கள் அவை. பட்டியல் தயாரித்தவர்கள் நீக்கிய பெயரை, பட்டியலை அறியாத நானும் எழுபதாண்டுகளின் எல்லையில் நின்று ஒருமுறை நீக்கினேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. வழக்கம் போதுமானதாயிருந்தது.

ஆதரவுக் கூட்டத்துக்குச் செல்லுதல் என்பது நம்மால் இயலாத ஒன்று. ஆயினும், அக்கூட்டத்திலே எழுத்தாளர் அல்லாத ஒருவர் போய் நின்றதன் பொருளை நாம் இங்கிருந்தே நிறைவேற்றலாம். படம் முடிந்து விளக்குகள் எரியும்போது, கதிரைகளை விட்டு எழுந்து வாயிலை நோக்கி நெருங்கும் அந்தச் சில நிமிடங்களில் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்டுப் பெற்றவை. சில, இறந்த பின்னர் பெற்றவை. அவற்றை இருந்து வாசித்தல் விமர்சகனின் முதற் கடமை. எழுதும்போது அவற்றுள் எழுதியவரின் பெயரையும் எழுதுதல் இரண்டாவது கடமை. என் பழைய விமர்சனத்தைத் திருத்த இனி இயலாது. எனவே இக்கட்டுரையின் இறுதியில் அப்பெயர்களை மீண்டும் ஒருமுறை எழுதுகின்றேன்: கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன்.